மேடையில் நான் சொன்னது உன் காதில் விழுந்தது

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அப்பா ஒரு மாதிரியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அட்டை அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளையார் படம், உன் பெயர், பெண்ணின் பெயர், பாடாங் செராயில் பிடித்திருக்கும் மண்டபம், எல்லாம் சரி. கீழே 'சிறப்பு வருகை' என்று போட்டு, அதற்கு நேராக என் வயிற்றை அறுத்த டாக்டரின் பெயர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். பெயர் மாறவில்லை. "இத யாரு போடச் சொன்னது?" என்று கேட்டேன். "தம்பிக்குத் தெரியும். அவனும் சரின்னுட்டான்" என்று சொல்லிவிட்டு அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எந்தக் கடைக்கு, என்ன வாங்க என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் "மா, வேலைல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்பி வைப்பாய். ஞாயிறு பேப்பரில் வந்தால் உன் மச்சான்களில் ஒருவனாவது படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான். யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. எழுதாமலே நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு விளங்கிவிடும், அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுகிற இப்படிப்பட்ட கடிதங்களை நானும் படித்திருக்கிறேன். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு நாலு புத்தி சொல்வார்கள். இடையிடையே, நானும் தவறு செய்தவள்தான், என்னை மன்னித்துவிடு என்று அழுவார்கள். என்னிடம் அது கிடைக்காது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், இந்த விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. என்னிடம் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உன் பத்திரிகையில் இருக்கிறார்.

பித்தப்பையில் கல் என்று தெரிந்தபோது அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி தள்ளித்தான் கிடைக்கும் என்றார்கள். காத்திருக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். நீதான் ஜொகூரிலிருந்து போன் செய்து, "எதுக்குமா காத்திருக்கணும், நம்ம டாக்டர்தான் இருக்காரே" என்றாய். அப்பாவுக்கும் அதுதான் ஆசை. நம்ம டாக்டர் என்றால் நிஜமாகவே நம்ம டாக்டர். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், நான் பிறந்த அதே தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். அவர் சர்ஜன் ஆகி டவுனில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது நம் வீட்டுப் பிள்ளை பாஸானதுபோல் நான் கேசரி கிண்டி லைன் வீடுகள் முழுக்கக் கொடுத்தேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துடலாம், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அப்படியே மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் கைராசி, கைராசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயம்தான் கோயில் திருவிழா வந்தது. நம் தோட்டத்து அம்மன் கோயில் கமிட்டிக்கு அப்பா செயலாளர். நான் நல்லபடியாக எழுந்து நடமாடியதைப் பார்த்துவிட்டு, டாக்டருக்கு மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும், மாலையை நீதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒருத்தர் தன் வேலையைச் செய்தால் போதும், மேடை போட்டு மாலை போட்டுவிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் விடிய விடிய நிற்கிற நர்ஸுக்கு யாராவது பொன்னாடை போர்த்தி நீ பார்த்திருக்கிறாயா? ஆனால் அன்றைக்கு நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே வேண்டிக்கொண்டபடி மஞ்சள் சேலை கட்டி, முகம் கை கால் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தேன்.

உடம்பில் மட்டும் அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு எல்லா இடத்திலும். சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். சாப்பாடு இறங்கவில்லை, விரதம் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் என்னைப் பார்த்த பெண்கள், "என்னக்கா, மொகத்துல அம்மன் களை" என்றார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, என்ன மஞ்சள் வாங்குறீங்க, இப்படிப் பிடிச்சிருக்கு என்று கேட்டாள். கூலிமில் வாங்கியது என்று கடையின் பெயரைக்கூடச் சொன்னேன். பூசிய மஞ்சள் எது, உள்ளேயிருந்து ஏறிய மஞ்சள் எது என்று எனக்கே தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை.

மேடையில் யார் யார் நின்றோம் என்று உனக்கு நினைவிருக்கும். இருக்க வேண்டும். நடுவில் டாக்டர், அவருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு நீ. விடுமுறை போட்டுவிட்டு வந்திருந்தாய், வெள்ளை வேட்டியில் நன்றாக இருந்தாய். நான் மாலையைப் போட்டேன். அவர் குனிந்தபோது, "டாக்டர், ஒடம்பெல்லாம் ஒரே அரிப்பு, தாங்க முடியல. ஒண்ணுக்கு வேற காப்பி கலர்ல போவுது" என்று சொன்னேன். மேடையில் வைத்துச் சொல்லக்கூடிய பேச்சா அது? அவ்வளவு முடியாமல் போனதால்தான் சொன்னேன். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஹீட்டுக்கா. எளநி குடிங்க, சரியாப் போயிடும்" என்றார். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு மாலை அகலம்தான் இடைவெளி. என் கண்ணை அவர் பார்க்கவில்லை. கீழே இறங்கி, அக்கா, நாளைக்கு கிளினிக் பக்கம் வந்துட்டுப் போங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டோ எடுத்து முடிந்ததும் அடுத்த ஆளுக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நீதான் காரை ஓட்டினாய். நான் பின்சீட்டில் சொறிந்துகொண்டே வந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அதான் டாக்டரே ஹீட்டுன்னு சொல்லிட்டாருல்ல. அப்புறம் என்னமா, சொறிஞ்சுக்கிட்டே வர்றீங்க?" இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை தம்பி. நான் கோபத்தில் இதை எழுதவில்லை. இதை வைத்துத்தான் மிச்சக் கதை முழுவதும் நடக்கிறது, அதனால் சொல்கிறேன்.

டாக்டர் சொன்னபடி இளநீர் குடித்தேன். அப்பா ஒவ்வொரு நாளும் கோத்தா கோலா மூடா ரோடு வரைக்கும் மோட்டாரில் போய் பச்சை இளநீராகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். அவரைத் திட்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது. இடையில் ஒருநாள், எனக்கு என்னவோ சரியில்லை, டாக்டரிடம் போகலாம் என்றேன். "மேடையேத்தி மாலை போட்டுட்டு, அந்த வாரமே போயி கொற சொல்லுவியா? அவரு என்ன நெனப்பாரு?" என்று கேட்டார். டாக்டர் என்ன நினைப்பார் என்று பார்த்துப் பார்த்து, என் உடம்பு என்ன ஆகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பார்த்தது பக்கத்து வீட்டு மலாய்க்காரி, யா. நாசி லெமாக் சோறு விற்கிற நம்ம யாதான். காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தேன், பொட்டலம் கொடுக்க வந்தவள் ஜன்னலைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அல்லா, காக், மாத்தா கூனிங் லா" என்றாள். அக்கா, கண் மஞ்சளாக இருக்கிறது என்று. குளித்தே பல நாள் ஆகியிருந்தது, மஞ்சள் பூசவுமில்லை. அவளே தன் மகனைக் கூப்பிட்டு, வேனில் படுக்க வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே என்னை மறுபடி அறுத்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். தாளில் படம் போட்டு விளக்கினாள். பையை எடுக்கும்போது அதோடு சேர்த்துப் பித்தக் குழாயிலும் கிளிப் போட்டுவிட்டார்கள், பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றாள். இது எந்த சர்ஜனுக்கும் எப்போதாவது நடக்கக்கூடியதுதான் என்று அவளே சொன்னாள், யாரையும் பழி சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெனாப்பா லம்பாட், ஆண்ட்டி?" என்று கேட்டாள். ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று. அரித்திருக்குமே, சிறுநீர் நிறம் மாறியிருக்குமே, ஆபரேஷன் செய்தவரிடம் சொல்லவில்லையா என்று. சொன்னேன் என்றேன். எங்கே சொன்னீர்கள் என்று கேட்டாள். கோயில் மேடையில், அவருக்கு மாலை போடும்போது என்று எப்படிச் சொல்வது? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது என் வயிற்றில் குறுக்கே இருக்கிற தழும்பை நீ பார்த்ததில்லை, காட்டவும் மாட்டேன். குடலை இழுத்துக் கல்லீரலோடு தைத்திருக்கிறார்கள். திடீரென்று குளிர் எடுத்து நடுக்கம் வரும், உடனே ஓடிப் போய் ஊசி மருந்து ஏற்ற வேண்டும். தஞ்சோங் டாவாயில் உன் சித்தி வீட்டுக்குப் போய் ஒரு மீன் வறுவல் தின்ன முடியாது. அரிசி மூட்டையை நகர்த்த முடியாது. இது உயிர் இருக்கிற வரைக்கும் இப்படித்தான் என்று அந்தப் பெண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். சொன்னதற்கு அவளுக்கு நன்றி.

இவ்வளவுக்குப் பிறகும் இத்தனை வருஷமாக வழக்கு என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. கை தவறுவது மனிதனுக்கு உள்ளதுதான். நான் கூலிம் ஃபேக்டரியில் லைனில் நின்றவள், தவறாத கையை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்து, அவர் வாயால், அக்கா, நான் கவனிக்காம விட்டுட்டேன் என்று சொல்லக் கேட்டால் போதும் என்று நினைத்தேன். அப்பாவுக்குச் சொல்லாமல் யாவைக் கூட்டிக்கொண்டு அவர் கிளினிக்குக் காலையிலேயே போனேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது அந்தப் போட்டோ. நான் மாலை போடுகிறேன், அவர் சிரிக்கிறார். அதற்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சீனக் கிழவர், கையில் குழந்தையோடு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதானே ஆண்ட்டி அது? டாக்டரு நல்லாப் பாப்பாராமே?" என்று கேட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். கவுண்டரில் போய், அந்தப் படத்தைக் கழற்றுங்கள் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னாள். அவரே வந்தார். பேஷண்டுகள் முன்னால் பேச வேண்டாம் என்று ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். "அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடியே எல்லா ரிஸ்க்கும் சொல்லித்தானே சைன் வாங்கினோம்" என்றார். சரி, ஆனால் மேடையில் நான் சொன்னேனே, அரிப்பு, காப்பி கலர் என்று சொன்னேனே என்றேன். "அப்பிடி ஒண்ணும் சொல்லலியே நீங்க. அன்னிக்கு நல்லாச் சிரிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? போட்டோவப் பாருங்க" என்றார். குரல்கூட உயரவில்லை. அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அறுத்தபோது எரியாத வயிறு.

அங்கிருந்து நேராக சுங்கை பட்டாணியில் வக்கீலிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் விஷயம் தெரிந்தவள், வளைத்து வளைத்துப் பேசவில்லை. "ஆண்ட்டி, கை தவறுனத மட்டும் வச்சு ஜெயிக்கிறது கஷ்டம். வேற ஒரு சர்ஜன் வந்து நமக்காகப் பேசணும், அதுக்கு ஆள் பிடிக்கணும். வருசக் கணக்கா இழுக்கும். ஆனா நீங்க சொன்னதக் கேட்டும் அவரு பாக்காம விட்டாரு பாருங்க, அதுதான் நம்ம கேஸு. நீங்க சொன்னப்போ பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டாள். வழக்குப் போட ஒரு காலக்கெடு உண்டு, அது நெருங்கிவிட்டது, யோசித்து வாருங்கள் என்றும் சொன்னாள். அப்பாவிடம் கேட்டேன். "நாதஸ்வரம் காதுகிட்ட ஊதிக்கிட்டிருந்துச்சு, எனக்கு ஒண்ணும் விழல" என்றார். அவர் பக்கம்தான் மேளக்காரர்கள் நின்றார்கள், அதனால் அது நிஜமாகவும் இருக்கலாம். இந்த வயதில் அவரை நம்பிவிட்டுப் போகிறேன்.

உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "மேடைல ஒரே சத்தம்மா. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கல்யாணம் முடியட்டும்லா, அப்புறம் பாத்துக்கலாம்." கல்யாணம் முடிகிறபோது கெடுவும் முடிந்துவிடும் என்று சொன்னேன். அதற்கு, "நம்ம ஆளே நம்ம ஆளு மேல கேஸ் போட்டா மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா? எத்தன பேருக்குக் காசு வாங்காமப் பாத்திருக்காரு. பொண்ணு வீட்டுல வேற அவர ரொம்ப மரியாதையா நெனக்கிறாங்க" என்றாய்.

அவர் காசு வாங்காமல் பார்த்தது உண்மை. அதை எந்தக் கோர்ட்டிலும் நானே சொல்வேன். ஆனால் தம்பி, நம்ம ஆள் என்பதால்தானே நான் அவரிடம் போனேன். நம்ம ஆள் என்பதால்தானே வேறு டாக்டரிடம் காட்டாமல் இளநீர் குடித்துக்கொண்டு கிடந்தேன். அவர் ஒரு சீன டாக்டராகவோ மலாய் டாக்டராகவோ இருந்திருந்தால் மேடையும் இல்லை, மாலையும் இல்லை. அரிக்கிறது என்றதும் நீயே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர் மேசையைத் தட்டிக் கேட்டிருப்பாய். நம்ம ஆள் என்பது அவரைக் காப்பாற்றுகிறது. என்னை ஏன் காப்பாற்றவில்லை? நானும் நம்ம ஆள்தானே. உன்னைப் பெற்றவள் என்பதை விட்டுவிடு, லயத்தில் பிறந்த கணக்கில் பார்த்தாலும் நானும் அவரும் ஒன்றுதான்.

நீ கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும், அதுதான் என்னை அறுக்கிறது. கெட்ட பிள்ளையாக இருந்தால் தலைமுழுகிவிட்டு இருந்திருப்பேன். நான் இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவன் நீ. அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அழுவதற்கு யாரும் உன் மேல் கோபிக்கப் போவதில்லை. ஒரு வார்த்தையைக் கேட்டேன் என்று சொன்னால்தான் பலர் கோபித்துக்கொள்வார்கள். உன் மாமனார் முகம் சுளிப்பார், அப்பாவின் கமிட்டி நாற்காலி ஆடும், மண்டபத்தில் இரண்டு வரிசை காலியாகும். கட்டிக்கொண்டு வரப்போகிற பெண்ணுக்கும் நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வரும். அவள் அரிக்கிறது என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்காதே, அவளைப் பார். இந்தக் கடிதத்தில் உனக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான்.

வழக்கில் நான் தோற்கலாம், வக்கீல் பெண் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். நஷ்ட ஈடு என்று என்ன வந்தாலும் எனக்கு ஒரு மீன் துண்டைத் தின்னக் கொடுக்காது. பிறகு எதற்கு என்று அப்பா தினமும் கேட்கிறார். நான் சொன்னேன், அவர் கேட்டார், பார்க்கவில்லை. இது நடந்தது. நடக்கவில்லை என்று என் முகத்துக்கு நேராக என் படத்தையே காட்டிச் சொல்கிறார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் என்னைப் பார்த்து நம்பி உள்ளே போகிறார்கள். இதைச் சகித்துக்கொண்டு உன் கல்யாணத்தில் அவருக்குச் சந்தனம் குங்குமம் நீட்ட என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இங்கே அது வேலை நாள்தானே, சுங்கை பட்டாணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பத்திரிகையில் அவர் பெயர் இருக்கட்டும், எடுக்கட்டும், அது உன் பாடு, அப்பா பாடு. உன் கல்யாணத்துக்கு நான் வருவேன், என் பிள்ளை கல்யாணம், வராமல் எங்கே போவேன். அவர் வந்தாரானால் அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம் மட்டும் போக மாட்டேன்.

மேடையில் பக்கத்தில் யார் நின்றது என்று வக்கீல் மறுபடியும் கேட்டாள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். ஒருநாள் உன்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள். எனக்காக ஒரு சொல் கூட்டிச் சொல்லாதே, பொய் சொல்ல உன்னை நான் வளர்க்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டேன் என்று சொல். ஞாபகம் இல்லை என்றால் அதையும் சொல். ஆனால் ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு போனில் சொன்னாயே, அப்படி இல்லை. கூண்டில் ஏறி, சத்தியம் பண்ணிவிட்டுச் சொல். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா